காட்டுக்கு ஒரு பேரேடு: களக்காடு முண்டந்துறை அதிகாரிகளுக்குக் கடைமடையிலிருந்து ஒரு திறந்த மடல்

களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்தின் கள இயக்குநர் அவர்களுக்கும், அம்பாசமுத்திரம், களக்காடு துணை இயக்குநர்களுக்கும், தாமிரபரணியைத் திறந்து மூடுகிற நீர்வளத்துறைப் பொறியாளர்களுக்கும்,

வணக்கம்.

நான் கன்னடியன் கால்வாயின் கடைமடைக்காரன். கோபாலசமுத்திரம் பக்கம் இரண்டு ஏக்கர் நெல் வயல். முப்பது வருஷம் ஒரு கூட்டுறவுக் கடன் சங்கத்தில் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவன். புலியை இதுவரை நேரில் பார்த்ததில்லை, பார்க்கும் ஆசையும் பெரிதாக இல்லை. ஆனால் ஜூன் பிறந்துவிட்டால் மேற்கே பார்த்து, மலையில் மேகம் இறங்கியிருக்கிறதா என்று கவனிக்கிற பழக்கம் எங்கள் ஊரில் எல்லோருக்கும் உண்டு. பாபநாசம் அணையில் இன்றைக்கு எத்தனை அடி என்பதை, செய்தித்தாளில் ராசிபலனுக்கு முன்னால் படிக்கிறவர்கள் நாங்கள். அந்த அணைக்குப் பின்னால் இருக்கிற காடு உங்கள் பொறுப்பில் இருக்கிறது. அதற்காக நீங்கள் எழுதுகிற திட்டத்தைப் பற்றித்தான் இந்த மடல்.

சில வருஷங்களுக்கு முன்னால் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்த கூட்டத்துக்கு என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். காட்டின் மதிப்பை விளக்கப் போவதாகச் சொன்னார்கள். திரையில் ஒரு தொகை வந்தது. கோடிகளில். எந்தக் காட்டுக்கு, எதைச் சேர்த்து, எதை விட்டு என்று நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்ப்பதற்குள் அடுத்த படம் வந்துவிட்டது. பக்கத்தில் இருந்த பெரியவர் சிவசைலத்துக்காரர். "இம்புட்டு ரூவாயும் யாருக்கு யாரு குடுக்காவ?" என்று என் காதில் கேட்டார். அதற்குள் காபியும் பிஸ்கட்டும் வந்துவிட்டன. கேள்வி அப்படியே நின்றுபோயிற்று. கணக்கு எழுதிப் பழகிய எனக்கு அது இன்றுவரை உறுத்திக்கொண்டே இருக்கிறது. வரவு வைத்தால் யார் பெயரில் பற்று எழுதுவது என்று தெரிய வேண்டாமா?

படித்தவர்கள் இந்த விஷயத்துக்கு வைத்திருக்கும் பெயர் 'சூழல் அமைப்புச் சேவைகள்'. எங்கள் பக்கம் சேவை என்றால் நாழியில் பிழிந்து, எலுமிச்சையோ தேங்காயோ போட்டுத் தாளிப்பது. அதனால் முதல்முறை கேட்டபோது சிரிப்புத்தான் வந்தது. அப்புறம் படித்துப் பார்த்தேன். ஐ.நா. ஏற்பாட்டில் பல நாட்டு விஞ்ஞானிகள் சேர்ந்து 2005-ல் வெளியிட்ட ஆயிரமாண்டுச் சூழல் மதிப்பீடு இதை நான்கு வகையாகப் பிரிக்கிறது. தண்ணீர், தேன், விறகு, மூலிகை என்று கையில் கிடைப்பவை ஒரு வகை. வெள்ளத்தைத் தணிப்பது, மண்ணைப் பிடித்து வைப்பது, பூவுக்குப் பூ மகரந்தம் போவது போன்ற கண்ணுக்குத் தெரியாத வேலைகள் இன்னொரு வகை. சாமி, திருவிழா, மன நிம்மதி மூன்றாவது. இவை எல்லாவற்றுக்கும் அடியில் மண் உருவாவது, சருகு மக்குவது போன்றவை நான்காவது.

பெயர்தான் புதிது. நாங்குநேரிப் பக்கம் கூந்தன்குளத்துக்காரர்களுக்கு இதை யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. ஊருக்குள் இருக்கிற மரங்களில் பறவைகள் கூடு கட்டுகின்றன. எச்சம் குளத்தில் விழுகிறது. அந்தத் தண்ணீரும் வண்டலும் வயலுக்கு உரமாகப் போகின்றன. அதனால் அங்கே யாரும் பறவை மேல் கல்லெறிவதில்லை. அந்த ஊர் 1994-ல் சரணாலயமாகி, இன்று ராம்சார் என்கிற உலக ஈரநிலப் பட்டியலிலும் இருக்கிறது. ஆனால் சரணாலயம் என்ற பலகை வருவதற்கு வெகுகாலம் முன்பே, பறவை என்ன தருகிறது, பதிலுக்கு நாம் என்ன விட்டுக்கொடுக்கிறோம் என்ற ஒப்பந்தம் ஊருக்குள் எழுதாமல் இருந்தது. அந்தக் குளத்துக்கு வருகிற தண்ணீரும் மணிமுத்தாறு அணையிலிருந்து வருவது, அதாவது உங்கள் காட்டிலிருந்து.

தண்ணீருக்கு வருகிறேன். எனக்குத் தெரிந்தது அதுதான்.

பொதிகையில் பிறந்து புன்னைக்காயலில் கடலைச் சேருகிறவரை தாமிரபரணி ஓடும் தூரம் சுமார் 125 கிலோமீட்டர். முழுக்கத் தமிழ்நாட்டுக்குள். காவிரிக்காரர்கள் மாதிரி நாங்கள் பக்கத்து மாநிலத்தோடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை, மலை நம் கையில் இருக்கிறது. காரையாறு, சேர்வலாறு, மணிமுத்தாறு, பச்சையாறு, கடனாநதி, ராமநதி என்று ஆற்றுக்கு வந்து சேருகிற கைகள் பெரும்பாலும் காப்பகத்துக்குள்ளிருந்தோ அதை ஒட்டியோதான் இறங்குகின்றன. கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம் என எட்டு அணைக்கட்டுகள், சுமார் 86,000 ஏக்கர் பாசனம். கார், பிசானம் என்ற இரண்டு போக நெல்லும் இதை நம்பித்தான். திருநெல்வேலி, தூத்துக்குடி இரண்டு மாநகராட்சிகளின் குழாயிலும் இதே தண்ணீர். பாபநாசத்தில் 1940-களிலிருந்து மின்சாரமும் எடுக்கிறார்கள். பத்தமடையில் பாய் நெய்கிற பெண்கள் கோரையை ஆற்றில் ஊறப்போடுகிறார்கள், ஓடுகிற தண்ணீரில் ஊறினால்தான் அந்தப் பாய்க்கு அந்த மென்மை. அல்வாவைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை, சொல்வதற்கு ஆயிரம் பேர் இருக்கிறார்கள்.

இதில் காடு என்ன வேலை செய்கிறது? மழையைக் கொண்டுவருவதே காடுதான் என்று மேடையில் பேசுவார்கள், அது அவ்வளவு எளிதான கணக்கு இல்லை. கடலிலிருந்து வருகிற காற்றும் மலையின் உயரமும்தான் மலைமேல் இருக்கிற நாலுமுக்கு, ஊத்து எஸ்டேட்டுகளில் அப்படிக் கொட்ட வைக்கின்றன. காட்டின் வேலை அதற்கப்புறம் தொடங்குகிறது. சோலைக்காட்டுக்குள் விழுகிற மழை முதலில் இலையில் தங்கி, கிளைவழி இறங்கி, முழங்கால் ஆழச் சருகில் விழுகிறது. அடியில் இருக்கிற மண் வேர்களாலும் புழுக்களாலும் துளைபட்டு இட்லி மாதிரி இருக்கும். தண்ணீர் மேலே ஓடாமல் உள்ளே இறங்குகிறது. இறங்கியது பாறை இடுக்கு வழியாகச் சொட்டிச் சொட்டி மாசி, பங்குனி வரை ஓடைக்கு வருகிறது. மேற்குத் தொடர்ச்சி மலையில் செய்த ஆய்வுகளும் இதைத்தான் சொல்கின்றன: நல்ல காட்டு மண் தண்ணீரை உறிஞ்சுகிற வேகம், மாடு மிதித்து, தீ எரிந்து இறுகிப்போன மண்ணை விடப் பல மடங்கு அதிகம்.

2016-ல் வடகிழக்குப் பருவமழை அடியோடு பொய்த்தது உங்களுக்கு நினைவிருக்கும். அடுத்த கோடையில் ஒருநாள் பாபநாசத்துக்குப் போயிருந்தேன். அணை கிண்ணத்தின் அடியில் ஒட்டிய மோர் மாதிரிக் கிடந்தது. ஆனாலும் மலையிலிருந்து ஒரு இழை தண்ணீர் வந்துகொண்டுதான் இருந்தது. மாதக்கணக்கில் மழையில்லாத மலையிலிருந்து வருகிற தண்ணீர். பேரேட்டில் முதல் வரவாக நான் எழுதச் சொல்வது அந்த இழையைத்தான். வெள்ளக்காலத்து ஆற்றை யார் வேண்டுமானாலும் பெருமையாக அளக்கலாம்.

காட்டை நேசிக்கிற நண்பர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது, ஒன்றைச் சொல்லியாக வேண்டும். மரமும் தண்ணீர் குடிக்கும். ஒரு மலையிலிருந்து வருஷத்துக்கு வருகிற மொத்தத் தண்ணீரைக் காடு கூட்டிவிடாது, சில சமயம் குறைக்கவும் செய்யும். காடு தருவது நேரத்தையும் தெளிவையும். வரவேண்டிய தண்ணீரைத் தள்ளித் தள்ளி, மண் கலக்காமல் தருகிறது. அதேபோல 2023 டிசம்பரில், காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டிய அந்த மழையில், காடு இருந்தும் ஏன் வெள்ளம் வந்தது என்று கேட்டவர்கள் உண்டு. நிறைந்த குடத்தில் மேலும் ஊற்றினால் வழியத்தான் செய்யும். அப்படிப்பட்ட மழையை எந்தக் காடும் தாங்காது. இல்லாத சக்தியைக் காட்டின் பெயரில் எழுதிவைத்தால், அடுத்த வெள்ளத்தில் அதே கணக்கைக் காட்டி, இந்தக் காடு எதற்கு என்று கேட்பார்கள்.

தெளிவு என்றேன். அதன் விலையை ஸ்ரீவைகுண்டத்துக்காரர்களிடம் கேட்கலாம். கடைசி அணைக்கட்டில் மண் மேடிட்டுப் போய், பசுமைத் தீர்ப்பாயம் வரை ஏறித்தான் 2015-ல் தூர்வாரும் வேலை தொடங்கியது. பாபநாசம், மணிமுத்தாறு இரண்டும் ஒவ்வொன்றும் ஐந்தரை டி.எம்.சி. பிடிக்கிற அணைகள். அவற்றுக்குள் வருஷாவருஷம் எவ்வளவு மண் போகிறது என்பது நீர்வளத்துறையின் கவலை. அந்த மண் எந்தச் சரிவிலிருந்து வருகிறது என்பது வனத்துறைக்குத் தெரிய வேண்டியது. இந்த இரண்டு கேள்வியும் ஒரே மேசையில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

இப்போது அந்தக் கோடிக் கணக்குக்கு வருகிறேன். போபாலில் இருக்கும் இந்திய வன மேலாண்மை நிறுவனம் 2015-ல் ஆறு புலிகள் காப்பகங்களையும் 2019-ல் இன்னும் பத்துக் காப்பகங்களையும் எடுத்து மதிப்பிட்டது. முதல் பட்டியலில் பெரியாறு, இரண்டாவதில் ஆனைமலை. தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகமான நம்முடையது, 1988-ல் தொடங்கியது, இரண்டிலும் இல்லை. வருத்தம்தான். ஆனால் பெரியாற்றின் கணக்கைப் பாருங்கள். ஆண்டுக்குச் சுமார் 1,760 கோடி ரூபாய்ப் பயன் என்று போட்டிருக்கிறார்கள். அதில் மிகப் பெரிய பங்கு, 780 கோடிக்கு மேல், மரபணு வளத்தைக் காப்பதற்கு. தமிழ்நாட்டு மாவட்டங்களுக்குப் போகிற தண்ணீர் சுமார் 405 கோடி. கணக்கனாக எனக்குத் தோன்றுவது இது: தொகை பெரிதாக இருக்கிற இடத்தில் பயனாளி யார் என்று சொல்ல முடியவில்லை, மரபணு வளம் உலகத்துக்கே சொந்தம், நாளை பிறக்கப்போகிறவனுக்கும் சேர்த்து. பயனாளி யார் என்று வாய்க்கால் வாய்க்காலாகச் சொல்ல முடிகிற தண்ணீருக்கோ எந்த ரசீதும் இல்லை. இரண்டையும் கூட்டி ஒரே எண்ணாக்கித் திரையில் காட்டினால், சிவசைலத்துப் பெரியவர் கேட்ட கேள்விக்கு அந்த எண்ணில் பதில் கிடைக்காது.

ஆகவே நம் காட்டுக்கும் அப்படி ஒரு கோடிக் கணக்குப் போடுங்கள் என்று கேட்க நான் இதை எழுதவில்லை. போட்டால் வேண்டாம் என்று சொல்லவும் மாட்டேன், அமைச்சரிடம் பணம் கேட்கப் போகும்போது உதவும். நான் கேட்பது பேரேடு. யார் யாருக்கு என்ன போகிறது, அதற்காக யார் எதை இழக்கிறார்கள் என்று ஆள் பெயரோடு, ஊர் பெயரோடு.

நம் அரசுக்குக் காட்டை மதிப்பிடத் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. காட்டை வேறு வேலைக்கு எடுக்கும்போது நிகர தற்போதைய மதிப்பு என்று ஒன்றைக் கட்டச் சொல்கிறார்கள். உச்ச நீதிமன்றம் 2008-ல் ஹெக்டேருக்கு 4.38 லட்சத்திலிருந்து 10.43 லட்சம் வரை நிர்ணயித்தது. சரணாலயம் என்றால் ஐந்து மடங்கு, தேசியப் பூங்கா என்றால் பத்து மடங்கு. ஆக, காட்டை இழக்கிற அன்றைக்கு விலை தயாராக இருக்கிறது. அது நின்றுகொண்டிருக்கிற வருஷங்களுக்குத்தான் கணக்கு இல்லை. அதுவும் முழு உண்மை இல்லை. பதினான்காவது நிதிக்குழு, மத்திய வரியை மாநிலங்களுக்குப் பங்கிடும்போது காட்டுப் பரப்புக்கு 7.5 சதவீத எடை கொடுத்தது. பதினைந்தாவது நிதிக்குழு அதை 10 சதவீதமாக்கியது. நம் காடு நிற்பதற்காகச் சென்னைக்கு ஏதோ ஒரு தொகை வந்துகொண்டிருக்கிறது என்றுதானே இதற்கு அர்த்தம்? அதில் எத்தனை ரூபாய் மாஞ்சோலைச் சாலையில் ஏறி மேலே வந்தது?

பற்றுப் பக்கத்துக்கு வருகிறேன், இதைத்தான் எல்லோரும் எழுத மறந்துவிடுகிறார்கள்.

காட்டின் ஓரத்தில் இருக்கிற கடலை, வாழை, கிழங்கு எல்லாம் பன்றிக்குப் பாதி. களக்காட்டுப் பக்கம் வாழைக்காரன் ஒருத்தன் ராத்திரி முழுக்கத் தகரம் தட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். பாபநாசத்தை ஒட்டிய ஊர்களில் ஆட்டைச் சிறுத்தை தூக்கினால் இழப்பீட்டுக்கு அலைகிற அலைச்சலே தனி. காட்டு எல்லையிலிருந்து மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் வருகிற பன்றியைச் சுட 2025-ல் வனத்துறைக்கு அரசு அனுமதி கொடுத்தது. காட்டை ஒட்டியே வயல் வைத்திருப்பவனுக்கு அதனால் என்ன? அவன் இழக்கிற வாழைத்தாரும், பல கிலோமீட்டர் தள்ளி நான் பாய்ச்சுகிற தண்ணீரும் ஒரே காட்டின் இரண்டு பக்கங்கள். அவன் பெயர் எனக்குத் தெரியாது. என் பெயர் அவனுக்குத் தெரியாது. இழப்பீடு என்று தருவதை நான் கொஞ்சம் வேறு மாதிரிப் பார்க்கிறேன். கருணையோடு கொடுக்கிற உதவித்தொகை போல அது நடத்தப்படுகிறது. உண்மையில் அது கீழே இருக்கிற நாங்கள் மேலே இருப்பவனுக்குத் தரவேண்டிய பாக்கி.

இது கற்பனை இல்லை. இமாச்சலத்தில் பாலம்பூர் என்ற சிறு நகரம், தன் குடிநீர் ஊற்றுக்கு மேலே இருக்கிற கிராமங்களோடு 2010-ல் ஒப்பந்தம் போட்டது. கிராமத்தார் ஊற்றுக்கு மேலே காட்டைப் பார்த்துக்கொள்வார்கள், நகராட்சி வருஷாவருஷம் பணம் தரும். சின்ன ஏற்பாடுதான். ஆனால் தருகிறவர் யார், பெறுகிறவர் யார் என்பதில் சந்தேகம் இல்லை.

மலைக்குள்ளேயே இருக்கிற காணிக்காரர்கள் என்ற பழங்குடிகளின் விஷயம் இன்னும் நுட்பம். காரையாறு, சேர்வலாறு, இஞ்சிக்குழி, மயிலாறு என்று அவர்கள் குடியிருப்புகள் நாம் அணை கட்டுவதற்கு முன்பிருந்தே அந்த மலையில் இருந்தவர்களுடையவை. கேரளப் பக்கத்துக் காணிகளின் கதை உலகத்துக்கே தெரியும். 1987-ல் மலையேறிய ஆராய்ச்சியாளர்களுக்கு அவர்கள் ஆரோக்கியப்பச்சை என்ற செடியைக் காட்டிக்கொடுத்தார்கள். அதிலிருந்து ஜீவனி என்ற மருந்து வந்தது. உரிமத் தொகையிலும் விற்பனையில் வருகிற பங்கிலும் பாதி அந்த மக்களுக்கு என்று ஏற்பாடானது. உலகமே பாராட்டியது. ஆனால் மருந்துக்கு இலை வேண்டுமே? காட்டிலிருந்து இலையை எடுக்கலாமா கூடாதா என்பதில் வனத்துறையின் விதி குறுக்கே நின்று, அந்த முயற்சி நினைத்த அளவுக்கு வளரவில்லை. ஒரு நிறுவனம் பங்கு கொடுத்தது, இன்னொரு துறை கதவைப் பூட்டியது. இருவர் மேலும் தப்புச் சொல்ல முடியாது, அவரவர் விதிப்படி நடந்தார்கள். காட்டுத் திட்டத்திலேயே அந்தச் செடியும், அதை எடுக்கிற அளவும், எடுப்பவர் உரிமையும் எழுதப்பட்டிருந்தால் இந்த முட்டல் வந்திருக்காது. சூழல் சேவை என்பதைத் தனி அறிக்கையாக அச்சடித்து அலமாரியில் வைக்காமல் திட்டத்துக்குள்ளேயே எழுத வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான்.

சேவைகள் ஒன்றோடொன்று சண்டை போடும் என்பதையும் திட்டம் ஒத்துக்கொள்ள வேண்டும். ஆடி அமாவாசைக்குச் சொரிமுத்து அய்யனார் கோவிலுக்கு எங்கள் வீட்டிலிருந்தும் போவார்கள். வண்டி கட்டிக்கொண்டு போய்க் காட்டுக்குள் குடில் போட்டுத் தங்கிய தாத்தாக்களின் பேரன் நான். அந்தச் சாமியும் காடு தருவதுதான், விஞ்ஞானிகளின் மூன்றாவது வகை. ஆனால் லட்சக்கணக்கில் ஆள் போய், ஆற்றங்கரையில் பாலித்தீன் பையும் சோப்பும் எண்ணெயும் விட்டுவிட்டு வந்தால், முதல் வகையான தண்ணீர் கெடுகிறது. பாபநாசத்தில் பரிகாரம் என்று உடுத்தின துணியை ஆற்றில் விட்டுவிட்டு வருகிற பழக்கம் எந்தச் சாத்திரத்தில் இருக்கிறதோ. இதற்குத் தடை போடுவதும் அனுமதிப்பதும் மட்டும் வழி இல்லை. தாத்தா காலத்தில் கோவிலுக்குப் போனவர்கள் ஆற்றுக்குக் கட்டுப்பட்டுப் போனார்கள். அந்தக் கட்டுப்பாட்டைக் கோவில்காரர்கள் வாயிலிருந்தே சொல்ல வைக்க முடியும், கேட்டால்.

கார்பன் விஷயமும் அப்படித்தான். கார்பனுக்குப் பணம் வருகிறது என்று உச்சி மலைப் புல்வெளியில் மரம் நட்டு வைத்துவிடாதீர்கள். அந்தப் புல்லும் பக்கத்துச் சோலையும் சேர்ந்துதான் அந்த மலையின் இயல்பு. வேகமாக வளர்கிற வெளிநாட்டு மரத்தைப் புல்வெளியில் வைத்தால் கார்பன் பத்தியில் வரவு ஏறும். ஓடைத் தண்ணீரின் பத்தியில் என்ன ஆகும் என்று நீலகிரிக்காரர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டம் பற்றிச் சொல்லாமல் இந்த மடலை முடிக்க முடியாது. 1929-ல் சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து பம்பாய் பர்மா கம்பெனி 99 வருஷக் குத்தகைக்கு எடுத்த 8,373 ஏக்கர். குத்தகை 2028-ல் முடிகிறது. அதற்கு முன்னாலேயே 2024-ல் தொழிலாளர்களை விருப்ப ஓய்வு என்று சொல்லி இறக்கிவிடுகிற வேலை தொடங்கியது. இந்த நிலம் மணிமுத்தாற்றின் தலைமாட்டில் இருக்கிறது, இது மறுபடி காடாவது கடைமடைக்காரனான எனக்கு நல்லது. அதை மறைக்காமல் சொல்கிறேன். ஆனால் தேயிலைச் செடியைக் கைவிட்டுவிட்டால் காடு தானாக வந்துவிடாது. வெட்டாமல் விட்ட தேயிலை மரமாக உயர்ந்து நிற்கும், உண்ணிச்செடி ஏறும், வெடிப்பலாவும் நாவலும் வருவதற்கு யாராவது விதை எடுத்து, நாற்றுப் போட்டு, களை எடுக்க வேண்டும். சிங்கவால் குரங்குக்கு வெடிப்பலா இல்லாமல் முடியாது என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

அந்த மலையில் எந்தச் சரிவில் எப்போது அட்டை வரும், எந்த ஓடை எந்த மாதம் வற்றும் என்று தெரிந்தவர்கள் அந்தத் தொழிலாளர்கள்தான். நான்கைந்து தலைமுறை அங்கே இருந்தவர்கள். அவர்களுடைய கூலிக்காகவும் சிறையில் இருந்த தொழிலாளர்களுக்காகவும் நடந்த ஊர்வலத்தில்தான் 1999 ஜூலை 23 அன்று திருநெல்வேலி கொக்கிரகுளத்தில் போலீஸ் அடித்து விரட்டி, 17 பேர் இதே தாமிரபரணியில் செத்துப்போனார்கள். ஒரு கைக்குழந்தை உட்பட. அந்த மக்களின் பெயர் எந்தப் பேரேட்டிலும் வரவுப் பக்கம் வந்ததில்லை. காட்டை மீட்கிற வேலையை, விருப்பப்படுகிறவர்களுக்கு மாதச் சம்பளத்தோடு கொடுக்க முடியாதா? மலையில் குடியிருக்கலாமா என்பது நீதிமன்றம் வரை போன விவகாரம், அதில் நான் தீர்ப்புச் சொல்லவில்லை. காலையில் வண்டியில் ஏறிப்போய் நாற்று நட்டுவிட்டு இறங்குவதற்கு எந்தச் சட்டமும் தடை இல்லை என்றுதான் நினைக்கிறேன்.

சட்டம் என்றதும் நினைவுக்கு வருகிறது. வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 38வி பிரிவு, புலிகள் பாதுகாப்புத் திட்டம் எழுதும்போது காட்டிலும் காட்டை ஒட்டியும் வாழ்கிறவர்களின் விவசாயம், வாழ்வாதாரம் எல்லாவற்றையும் கவனிக்கச் சொல்கிறது. 38எக்ஸ் பிரிவு, ஒவ்வொரு காப்பகத்துக்கும் ஒரு அறக்கட்டளையை வைக்கச் சொல்கிறது. ஆக நான் புதிதாக எதையும் கேட்கவில்லை. தேக்கடியில் காப்பக அறக்கட்டளை சுற்றுலாக்காரர்களிடம் தனியாக ஒரு கட்டணம் வாங்கி, காட்டோர மக்களுக்கான வேலைகளுக்குச் செலவழிக்கிறது. நமக்குச் சுற்றுலா வேண்டாம், அகஸ்தியர் அருவியில் இருக்கிற கூட்டமே போதும். நம் வரும்படி தண்ணீர். தொழிற்சாலைகளுக்கு விற்கிற ஒவ்வொரு லிட்டருக்கும் அரசு கட்டணம் வாங்குகிறது. தூத்துக்குடி ஆலைகளுக்கு நாளொன்றுக்கு 2 கோடி காலன் என்று போட்ட திட்டத்தை எதிர்த்து ஸ்ரீவைகுண்டத்து விவசாயிகள் வழக்காடி அலைந்த கதை எல்லோருக்கும் தெரியும். விற்பதா வேண்டாமா என்ற சண்டை ஒருபுறம் இருக்கட்டும். விற்கிறவரை, அந்தக் காசில் ஒரு பங்கு அறக்கட்டளை வழியாகக் களக்காட்டு வாழைக்காரனுக்கும் காணிக் குடியிருப்புக்கும் மாஞ்சோலை நாற்றங்காலுக்கும் போகட்டும். மாநகராட்சிக் குடிநீர்க் கட்டணத்திலும் சிறு பங்கு. விவசாயி எங்களிடமும் கேளுங்கள். பணமாகத் தர எங்களால் ஆகாது. பூவுக்கு, அதாவது ஒரு போகத்துக்கு, ஒரு மரக்கால் நெல் என்றால் எங்கள் பாசன சங்கத்தில் நானே எழுந்து நின்று பேசுகிறேன்.

அதற்கு முன்னால் அளவை வேண்டும். அணைக்குள் வருகிற தண்ணீரை அளக்கிறீர்கள். காட்டுக்குள்ளேயே, ஒவ்வொரு ஓடையும் ஆற்றில் சேருகிற இடத்தில், கோடையில் எவ்வளவு ஓடுகிறது, மழையில் எவ்வளவு மண் வருகிறது என்று அளக்க ஒரு அளவுகோல் வையுங்கள். காணி இளைஞர்களுக்கு அந்த வேலையைக் கொடுங்கள். ஐந்து வருஷம் எழுதினால் எந்தச் சரிவில் தீத்தடுப்பு முதலில், எந்தச் சரிவில் மேய்ச்சலை நிறுத்துவது, எங்கே உண்ணிச்செடியைப் பிடுங்குவது என்று காடே சொல்லும். இப்போது காப்பகத்தை மையப் பகுதி, வெளிவட்டம் என்று புலிக்காகப் பிரித்திருக்கிறீர்கள், அது இருக்கட்டும். அதன் மேலேயே இன்னொரு வரைபடம்: இந்தச் சரிவின் தண்ணீர் கன்னடியனுக்கு, இந்தச் சரிவு நம்பியாற்றுக்கு, இது பச்சையாற்றுக்கு என்று. அந்த வரைபடத்தை ஒவ்வொரு அணைக்கட்டு மதகிலும் பெயின்ட் அடித்து வையுங்கள். அதைப் பார்க்கிற விவசாயி, காட்டில் தீ என்று கேள்விப்பட்டால் இன்னொரு ஊர் விஷயம் என்று இருக்க மாட்டான்.

1990-களில் உலக வங்கிப் பணத்தில் காட்டோர ஊர்களில் கிராம வனக்குழுக்கள் அமைத்தீர்கள். சுழல்நிதிக் கடன், விறகு குறைவான அடுப்பு எல்லாம் வந்தது. தலைச்சுமை விறகு குறைந்ததும் உண்மை. ஆனால் அந்தக் குழுக்கள் காட்டை ஒட்டிய ஊர்களோடு நின்றுவிட்டன. கீழே தண்ணீர் குடிக்கிற ஒருவரும் அந்த மேசையில் இல்லை. இந்த முறை எங்களையும் உட்கார வையுங்கள். பாசன சங்கத்திலிருந்து ஒருவர், மாநகராட்சியிலிருந்து ஒருவர், பத்தமடைப் பாய்க்காரப் பெண் ஒருவர். கோட்டு சூட்டு போட்ட ஆலோசகர் ஒருவரும் இருக்கட்டும், ஆனால் படம் போடுவதற்கு முன்னால் அந்தத் தொகை யார் பெயரில் என்று அவர் சொல்ல வேண்டும்.

பிசான அறுப்பு முடிந்ததும் மாசியில் வயல் காலியாகக் கிடக்கும். அப்போது ஒருநாள் கன்னடியன் கால்வாய் வழியே நடந்து வாருங்கள். தலைமதகிலிருந்து கடைமடை வரை நானும் கூட வருகிறேன். வழியில் ஆற்றோர மருத மரங்களின் நிழல் உண்டு, கல்லிடைக்குறிச்சியில் அப்பளம் வாங்கிக்கொள்ளலாம். கடைசி மடையில் அன்றைக்குத் தண்ணீர் வந்தால் அது எந்தச் சரிவிலிருந்து வந்தது என்று நீங்கள் சொல்லுங்கள். நான் நோட்டுக் கொண்டு வருகிறேன்.

இப்படிக்கு,
கன்னடியன் கால்வாய்க் கடைமடை விவசாயி ஒருவன்,
கோபாலசமுத்திரம் பக்கம், திருநெல்வேலி மாவட்டம்.